ஏழு என்பது மூன்றை விடப் பெரிதா?

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தின் கதவு திறந்ததும் நடக்கும் வேடிக்கையை நம் துறை மாணவர் அனைவரும் அறிவர். முன் வரிசையை நோக்கித்தான் எல்லோரும் ஓடுவார்கள். அவ்வரிசைப் பெட்டிகளின் முகப்பில் ‘கோர் ஐ5’ என்ற சீட்டு ஒட்டியிருக்கிறது. பின் வரிசைப் பெட்டிகளில் உள்ளதோ ‘கோர் ஐ3’. பேருந்து தாமதமாகி வந்தவனுக்கு மூன்று. முந்தி வந்தவனுக்கு ஐந்து. “இன்னைக்கும் எனக்கு மூணுதான்டா” என்று அலுத்துக்கொள்வது நம் வகுப்பின் வாடிக்கை. இரண்டு பருவங்கள் நானும் அவ்வாறு அலுத்துக்கொண்டவன்தான்.

ஒரு நாள், பகா எண்களைக் கண்டுபிடிக்கும் ஒரே புரோகிராமை இரண்டு வரிசையிலும் ஓட்டிப் பார்த்தேன். பின் வரிசைப் பெட்டி வேலையை முடித்துவிட்டுச் சும்மா நின்றது. முன் வரிசைப் பெட்டி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. நம்பாமல் இடம் மாற்றி மறுபடியும் ஓட்டினேன். முடிவு மாறவில்லை. பிறகுதான் சீட்டை விட்டுவிட்டு, திரையில் பிராசசரின் முழுப் பெயரைத் தேடிப் படித்தேன். முன் வரிசையில் இருப்பது ஐ5-6500. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின் வரிசையில் இருப்பது ஐ3-12100. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டுக்கும் இடையே ஏழாண்டு இடைவெளி. அந்த ஏழாண்டைப் பற்றிச் சீட்டில் ஒரு சொல்கூட இல்லை!

ஆய்வகத்தோடு இது முடிந்துபோயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இதே மயக்கத்துக்கு என் வீட்டார் கைப்பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. நூலை விரலில் உருட்டிப் பார்த்தே நாற்பதாம் நம்பரா, அறுபதாம் நம்பரா என்று சொல்லிவிடுவார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பது அவருக்குப் பாலபாடம். நம்பரை மட்டும் கேட்டு நூல் வாங்குபவனை அவர் மதிக்கமாட்டார். எந்த மில், எந்தப் பஞ்சு என்று கேட்ட பின்புதான் விலை பேசுவார். அப்படிப்பட்டவர், 2023-ஆம் ஆண்டு மே மாதம், என் அக்காள் கணக்கு எழுதும் வேலைக்குப் பயிற்சி பெறுவதற்காகச் சீட்டுப் பணம் 22,000 ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். நானும் உடன் போனேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த நேரம் அது. கணிப்பொறி பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

கடையில் பழைய பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று ஐ3-8100, விலை 17,000. மற்றொன்று ஐ7, விலை 22,000. “சார், இது ஐ7. இதுக்கு மேல போகணும்னா லட்ச ரூபா ஆகும். அது வெறும் ஐ3” என்றார் கடைக்காரர். “வாங்குறதுதான் வாங்குறோம், ஏழாவே வாங்கிடலாம் தம்பி” என்றார் அப்பா. நானும் தலையை ஆட்டினேன். மூன்றை விட ஏழு பெரிது என்பதில் யாருக்குத்தான் ஐயம் வரும்?

நாங்கள் வாங்கியது ஐ7-2600. அது 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. நாங்கள் வாங்கும்போது அதற்குப் பன்னிரண்டு வயது. கடைக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அவர் ஐ7 என்றார், அது ஐ7-தான். பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம். மெய் சொல்லியே ஒருவரை ஏமாற்ற முடிகிறது என்றால், அந்த மெய்யை ஆக்கிய பெயரில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

அந்தப் பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். ஐ3, ஐ5, ஐ7, ஐ9 என்பவை வேகத்தின் அளவும் அல்ல, கோர்களின் எண்ணிக்கையும் அல்ல. (ஐ7 என்றால் ஏழு கோர் என்று நம்மில் பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன்.) அவை, இன்டெல் நிறுவனம் ஓர் ஆண்டில் வெளியிடும் பிராசசர்களுக்குள் ஒன்றுக்கொன்று மேல், கீழ் என்று கொடுக்கும் தரவரிசை. ஐந்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவனும் பட்டவகுப்பில் முப்பதாம் இடம் பெற்றவனும் ஒரே கணக்குத் தேர்வை எழுதினால் யார் வெல்வார்? எந்த வகுப்பு என்று சொல்லாமல் ‘முதலிடம்’ என்று மட்டும் மார்பில் குத்திக்கொண்டு திரிவதைப் போன்றதுதான் ஐ7 என்ற சீட்டு.

எந்த வகுப்பு என்பதைச் சொல்லும் எண், சிறு கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஐ7-2600 என்பதில் முதலில் நிற்கும் 2 தான் தலைமுறை. ஐ3-8100 என்பது எட்டாம் தலைமுறை. ஐ3-12100 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. கடையில் உரத்த குரலில் சொல்லப்படுவது கோட்டுக்கு முன்னால் உள்ள எண். நாம் கேட்க வேண்டியதோ பின்னால் உள்ள எண்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டின் ஐ7-7700 என்ற பிராசசரில் நான்கு கோர், எட்டுத் திரெட். அதன் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், முடுக்கிவிட்டால் 4.2. அமெரிக்காவில் அதற்கு இன்டெல் குறித்த விலை 303 டாலர். மூன்றே ஆண்டுகள் கழித்து, 2020-இல், ஐ3-10100 வந்தது. அதிலும் நான்கு கோர், எட்டுத் திரெட். அடிப்படை வேகம் அதே 3.6, முடுக்கினால் 4.3. விலை 122 டாலர். கேஷ் நினைவகம் எட்டு மெகாபைட்டிலிருந்து ஆறாகக் குறைந்தது என்பதைத் தவிர, ஏறத்தாழ அதே பொருள்தான் ஏழு என்ற பட்டத்தை இழந்து மூன்று என்ற பெயரோடு பாதிக்கும் குறைந்த விலைக்கு வந்து நின்றது. 303 டாலர் கொடுத்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்!

ஏன் இப்படி நடந்தது? போட்டி வந்ததால் நடந்தது. நான்கு கோர்களைக் கொண்ட கோர் 2 குவாட் கியூ6600 என்பதை இன்டெல் 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே விற்றது. அன்று தொடங்கிப் பத்து ஆண்டுகள், நடுத்தர மக்கள் வாங்கும் மேசைக் கணிப்பொறிகளில் அந்நிறுவனம் நான்கைத் தாண்டவே இல்லை. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் எட்டு கோர், பதினாறு திரெட் கொண்ட ரைசன் 7 1800எக்ஸ் என்பதை 499 டாலருக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இன்டெல்லின் ஐ7 ஆறு கோர் ஆயிற்று. இரண்டே கோரோடு இருந்த ஐ3 நான்கு கோர் ஆயிற்று. பத்தாண்டு அசையாத பாறை பத்தே மாதத்தில் நகர்ந்ததைப் பார்க்கும்போது, இயலாமையால்தான் நான்கில் நின்றார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. மக்கள் நலனுக்காக நகர்ந்தார்கள் என்றும் நம்ப முடியவில்லை.

பெயர் முதலிலிருந்தே இவ்வளவு குழப்பமாக இருந்ததா என்றால், இல்லை. 1978-இல் 8086, 1982-இல் 80286, 1985-இல் 386, 1989-இல் 486. எண் ஏறினால் புதியது, வேகமானது என்று குழந்தைக்கும் விளங்கும். ஆனால் போட்டியாளர்களும் 386 என்றே பெயரிட்டு விற்றார்கள். எண்ணை ஒரு நிறுவனம் தனக்கே உரிய வணிகப் பெயராக உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் 1991-இல் கூறிவிட்டது. அதன் விளைவாக, 586 என்று வந்திருக்க வேண்டியது 1993-இல் ‘பென்டியம்’ என்று வந்தது. ஐந்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அன்றிலிருந்து பெயர் என்பது பொருளை விளக்குவதற்காக அன்றி, பொருளை விற்பதற்காக வைக்கப்படலாயிற்று என்பது என் கருத்து.

பிறகு சில காலம் கிகாஹெர்ட்ஸ் மயக்கம். பென்டியம் 4 என்பது 2000-இல் வந்து, 2004-இல் 3.8 வரை ஏறி, சூடு தாங்காமல் நின்றது. நான்கு கிகாஹெர்ட்ஸ் தருவதாகச் சொல்லியிருந்ததைக் கைவிட்டார்கள். அதே காலத்தில் ஏ.எம்.டி.யின் அத்லான் எக்ஸ்பி 1800+ என்பது உண்மையில் ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில்! ஒரு துடிப்பில் அது அதிக வேலை செய்தது என்பது மெய்தான். ஆயினும் பெயரில் 1800 என்று எழுதி வைத்தால் வாங்குபவன் என்ன நினைப்பான் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாதா? கிகாஹெர்ட்ஸ் கணக்கு உடைந்த பிறகு, 2008-இல் கோர் ஐ7, 2009-இல் ஐ5, 2010-இல் ஐ3 என்று இன்றைய வரிசை வந்து சேர்ந்தது. பின்னர் ஏ.எம்.டி.யும் ரைசன் 3, 5, 7, 9 என்று அதே ஒற்றைப்படை எண்களை எடுத்துக்கொண்டது. எதிராளியின் ஐந்துக்கு நிகர் எங்கள் ஐந்து என்று சொல்லாமல் சொல்லும் தந்திரம் அது.

இங்கே நியாயமான ஒன்றையும் சொல்ல வேண்டும். தரம் பிரிப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. ஒரே சிலிக்கான் வில்லையில் வெட்டி எடுக்கப்படும் துண்டுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. ரைசன் 5 5600எக்ஸ் என்பதன் உள்ளே இருக்கும் துண்டில் எட்டு கோர்கள் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டை அடைத்துவிட்டு ஆறு கோர் என்று விற்கிறார்கள். எட்டும் நன்றாக இயங்கும் துண்டு ரைசன் 7 ஆகிறது. மாம்பழ மண்டியில் கூடை கூடையாகத் தரம் பிரிப்பது போன்றதே இதுவும். குறையுள்ள துண்டைக் குப்பையில் போடாமல் குறைந்த விலைக்கு விற்பதால் நம்மைப் போன்றோருக்கு நன்மைதான். மண்டியில் கூடையைக் கிளறிப் பார்த்து வாங்கலாம். மூடிய பெட்டியில் சீட்டை மட்டுமே பார்க்க முடியும். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

எண்ணோடு முடிந்தாலும் பரவாயில்லை. வால் எழுத்து வேறு இருக்கிறது. இன்டெல்லில் ‘கே’ என்று முடிந்தால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளப் பூட்டுத் திறந்துவிட்டது. ‘டி’ என்றால் மின்சாரத்தைக் குறைத்து உண்பது, வேகமும் குறைவு. மிகவும் கவனிக்க வேண்டியது ‘எஃப்’. அந்த எழுத்து இருந்தால் படம் காட்டும் பகுதி பிராசசரில் இல்லை என்று பொருள். என் வகுப்பு நண்பன் ஒருவன், விலை குறைவு என்று ஐ5-12400எஃப் வாங்கிப் பெட்டியைப் பூட்டி, மானிட்டர் கம்பியைச் சொருகி, கறுப்புத் திரையைப் பார்த்தபடி ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தான். மதர்போர்டு பழுது என்று எண்ணி அதைத் திருப்பிக் கொடுக்கவும் போய்விட்டான். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிய பிறகே படம் வந்தது. மிச்சம் பிடித்ததைப் போல் இரண்டு மடங்கு செலவு. ஒற்றை எழுத்து செய்த வேலை அது.

ஏ.எம்.டி. பக்கம் போனால் நிம்மதி கிடைக்குமா? 2019-இல் வந்த ரைசன் 5 3600, ரைசன் 5 3400ஜி ஆகிய இரண்டும் மூவாயிரம் வரிசை என்றே பெயர் பெற்றவை. முன்னது அன்றைய புதிய ஸென் 2 அமைப்பு, ஆறு கோர். பின்னது அதற்கு முந்தைய அமைப்பு, நான்கு கோர். இரண்டுக்கும் ஒரே ஐந்து, ஒரே மூவாயிரம்! தலைமுறை எண்ணைப் பார்த்து வாங்கு என்று மேலே நான் சொன்ன அறிவுரையே இந்த இடத்தில் உதவாமல் போகிறது. இன்டெல்லிலும் 12, 13, 14 என்று தலைமுறை ஏறியபோது ஐ3-இன் உச்ச வேகம் 4.3, 4.5, 4.7 என்றுதான் ஏறியது. கோர் அதே நான்கு. புதிய எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன் இதையும் எண்ண வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக, 2024 அக்டோபரில் மேசைக் கணிப்பொறிகளுக்கு ‘கோர் அல்ட்ரா’ என்ற புதுப் பெயர் வந்திருக்கிறது. ஐ என்ற எழுத்து போயிற்று. கோர் அல்ட்ரா 7 265கே என்பது ஐ7-14700கே என்பதற்குப் பின் வந்தது. பதினான்காயிரத்து எழுநூறுக்கு அடுத்தது இருநூற்று அறுபத்தைந்து! கஷ்டப்பட்டு ஒரு கணக்கை நாம் கற்று முடிக்கும் நாளில் கரும்பலகையை அழித்துவிட்டார்கள்.

“எல்லா விவரமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிறதே, பார்க்காமல் வாங்கியது உங்கள் குற்றம்” என்று சிலர் கூறுவர். விவரம் இருப்பது உண்மை. ஆனால் தறிப் பட்டறையில் நின்றுவிட்டுக் கடைக்கு வரும் ஒருவர் அந்த ஆங்கிலப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? ஒரு ரொட்டிப் பொட்டலத்தில் அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் நட்சத்திரச் சீட்டில், அந்த நட்சத்திரம் எந்தக் காலத்துக்கு உரியது என்று குறித்திருக்கிறார்கள். அளவுகோல் மாறும்போது பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் நான்காகவோ மூன்றாகவோ இறங்குவதும் உண்டு. ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குச் செய்ததைப் பிராசசர் சீட்டுக்கு ஏன் செய்யக்கூடாது? வெளிவந்த ஆண்டு, கோர் எத்தனை, படம் காட்டும் பகுதி உண்டா இல்லையா — இந்த மூன்றை முகப்புச் சீட்டில் அச்சிட ஒரு விரல் அளவு இடம் போதும். பழைய பெட்டி விற்பவர் முழு எண்ணையும் ரசீதில் எழுதித் தர வேண்டும் என்று ஒரு விதி வந்தால் என் தந்தையார் போன்றோர் பிழைப்பர்.

நம் துறைப் பேராசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம். கணக்கிடும் பகுதி, கட்டுப்படுத்தும் பகுதி, பதிவேடுகள் என்று பிராசசரின் உட்கூறுகளை நாம் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம்; மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அதே மாணவன் கடைக்குப் போனால் ஏழைக் கண்டு வாயைப் பிளக்கிறான். ஒரே ஒரு செய்முறை வகுப்பு போதும். ஆய்வகத்தின் இரண்டு வரிசையிலும் ஒரே புரோகிராமை ஓட்டச் சொல்லி நேரத்தைக் குறிக்கச் செய்தால், எந்தப் பாடநூலும் தராத தெளிவு கிடைக்கும். முழு எண்ணைக் காண்பதும் கடினமன்று. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் அங்கேயே இருக்கிறது. பழைய பெட்டி வாங்கும்போது அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. சீட்டை யாரும் எங்கிருந்தும் வாங்கி ஒட்டிவிடலாம்.

இன்னொன்று, இது கட்டுரைக்குச் சற்று அப்பாற்பட்டது. கடிதம் அடிக்க, கணக்கு எழுத, பாடம் கேட்க ஒரு கணிப்பொறி போதும் என்பவர்கள் ஏழா ஐந்தா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், பழைய சுழல்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியும் வேகம் அங்கேதான் வரும்.

எங்கள் வீட்டு ஐ7-க்கு வருகிறேன். நியாயமாகச் சொன்னால் அது மோசமான பிராசசர் அல்ல. நான்கு கோர், எட்டுத் திரெட். தன் நாளில் அரசனாக இருந்தது. எல்லா கோர்களையும் ஒருங்கே கசக்கும் வேலையில் அந்த ஐ3-8100-க்கு அது பெரிதும் பின்தங்காது. ஆனால் ஒற்றைக் கோரில் ஓடும் அன்றாட வேலைகளில் ஐ3-தான் முந்தும். மின்சாரத்திலும் ஐ7-க்கு 95 வாட் என்று குறித்திருக்க, ஐ3-க்கு 65. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பின்னர் வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கான ஏற்புப் பட்டியலோ, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 17,000 ரூபாய் ‘வெறும் ஐ3’ அந்தப் பட்டியலில் இருக்கிறது. 22,000 ரூபாய் ஏழு இல்லை.

அக்காள் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தின் கணக்குப் புரோகிராம் விண்டோஸில்தான் ஓடும் என்பதால், வீட்டில் வைத்து எழுதலாம் என்று நினைத்திருந்த வேலையை இப்போது அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டு, இரவு எட்டு மணிப் பேருந்தில் வருகிறாள். பெட்டியை வீணாக்க மனமில்லாமல் அதில் லினக்ஸ் போட்டு நான் பாடங்களை எழுதுகிறேன்; இக்கட்டுரையையும் அதில்தான் அடித்தேன். அப்பாவிடம் தலைமுறைக் கணக்கை ஒரு நாள் நூல் நம்பர் உவமை சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப அந்தக் கடைக்காரர்கிட்ட எந்த மில்லுன்னு நாம கேக்கலை” என்றார். மறுநாள் வீட்டுக்கு வந்த பக்கத்துத் தறிக்காரரிடம் பெட்டியைக் காட்டி, “நம்ம பையனுக்கு ஐ7 வாங்கிக் கொடுத்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை.